இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பாடினால் செட் பழுதா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் நம் சங்க உறுப்பினர்களுக்கு ஹோம் தியேட்டர் செட்டை விற்பது பெரிய சிரமமல்ல. விற்ற செட் மறுநாளே ஆட்டோவில் திரும்பி வருவதுதான் சிரமம். "ஆறு பெட்டிக்குக் காசு கொடுத்தேன், இரண்டுதான் பாடுகிறது" என்பார் வாடிக்கையாளர். கடைக்காரரும் அப்படியே கட்டி மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிடுகிறார். இங்கே பிரித்துப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு குறையும் இருப்பதில்லை. லாரி வாடகை நஷ்டம். பிரித்த பெட்டியைப் புதுச் சரக்கென்று விற்கவும் முடியாது.

குறை ஒயரில் இருக்கிறது. டிஸ்க் பிளேயரின் பின்புறம் சிவப்பு, வெள்ளைத் துளைகள்தான் முதலில் கண்ணில் படும். பழைய பழக்கத்தில் அதிலேயே செருகிவிடுகிறார்கள். அவ்வழியில் வலம், இடம் என இரண்டு தடங்களே போகும். ஆறு பெட்டிக்கும் தனித்தனி ஒலி வேண்டுமானால் ஆப்டிகல், கோஆக்சியல், புதிய பிளேயரானால் எச்.டி.எம்.ஐ. இவற்றில் ஒன்று வேண்டும். ஆப்டிகல் ஒயரின் முனையிலுள்ள சிறு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் செருகப் பார்ப்பவர்களும் உண்டு!

செருகினால் மட்டும் போதாது. செட்டில் அந்த இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளேயரின் ஆடியோ மெனுவில் 'பிட்ஸ்ட்ரீம்' என்று வைக்க வேண்டும். 'பி.சி.எம்.' என்றிருந்தால் ஆப்டிகலிலும் இரண்டு தடம்தான் வரும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் திரும்பிய செட்டுகளே அதிகம். பிளேயரை டிவியில் செருகி, டிவியிலிருந்து செட்டுக்குக் கொண்டு போவதும் சரியல்ல. பல டிவிகள் ஒலியை இரண்டு தடமாகச் சுருக்கித்தான் வெளியே அனுப்புகின்றன. பிளேயரை நேராகச் செட்டில் செருகுவதே நல்லது.

இனி டிஸ்க். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் இறக்கியது நினைவிருக்கும். அக்காலத்து வி.சி.டி.க்கள் இன்றும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. வி.சி.டி.யில் பதிவே இரண்டு தடம்தான். எந்த ஒயர் போட்டாலும் ஆறாகாது. (சில செட்டுகள் இரண்டையே எல்லாப் பெட்டிகளுக்கும் பரப்பிக் கொடுக்கும்; அது வேறு கதை.) துபாயிலிருந்து உறவினர் கொண்டு வந்த டி.வி.டி. ஓடவில்லை என்ற புகாரும் வரும். வளைகுடா நாடுகள் 2ஆம் மண்டலம், நம் நாடு 5ஆம் மண்டலம். மண்டலம் மாறினால் பல பிளேயர்கள் ஏற்காது. அதற்குச் செட் என்ன செய்யும்?

புதிய பிளேயர் விற்பனை குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் பழைய பிளேயரை வீட்டில் வைத்துக்கொண்டு புதுச் செட் வாங்க வருபவர்கள் இருக்கிறார்கள். பில் போடுமுன் "வீட்டில் என்ன பிளேயர், பின்னால் என்ன துளை?" என்று கேளுங்கள். பெரும்பாலான செட்டுகளோடு ஆப்டிகல் ஒயர் வருவதில்லை. அதுவும் ஒரு விற்பனை. உறையில் 'டால்பி டிஜிட்டல் 5.1' என்று அச்சிட்ட டி.வி.டி. ஒன்றைக் கடையில் வைத்து, வாடிக்கையாளர் முன் ஆறு பெட்டியையும் பாடவைத்துக் காட்டிய பிறகே செட்டைக் கட்டிக் கொடுங்கள்.