கலப்பை மேலெழும்புகிறதா? சங்கிலியை அளந்து பாருங்கள்

சங்கிலி கட்டி இரும்புக் கலப்பையால் உழும்போது, சில வயல்களில் கொழு மண்ணில் நில்லாமல் மேலெழும்புவதுண்டு. உழவர் கை நோக மேழியை அழுத்துவார், மாட்டையும் அதட்டுவார். கொழு மழுங்கியிருந்தால் முதலில் அதைத் தீட்ட வேண்டும். கொழு கூர்மையாக இருந்தும் எழும்பினால், குறை சங்கிலியின் நீளத்தில் இருக்கலாம்.

நுகத்தடி உயரத்தில் உள்ளது. கலப்பை தரையில் உள்ளது. ஆகவே சங்கிலி சாய்வாகவே இழுக்கிறது. சாய்வான விசைக்கு இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று முன்னே இழுக்கிறது. மண்ணைக் கிழிப்பது இதுதான். மற்றொன்று கலப்பையை மேலே தூக்குகிறது.

உழவு மாடுகள் தம் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு விசையுடன் தொடர்ந்து இழுக்கும். 800 கிலோ எடையுள்ள ஒரு ஜோடிக்கு இது 80 கிலோ. சங்கிலியின் மேல் முனை, கீழ் முனையைவிட 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். இந்த உயரத்தைச் சங்கிலியின் நீளத்தால் வகுத்தால், தூக்கும் பங்கு கிடைக்கும்.

2 மீட்டர் சங்கிலி: முன்னே 69 கிலோ, மேலே 40 கிலோ.
3 மீட்டர் சங்கிலி: முன்னே 75 கிலோ, மேலே 27 கிலோ.
4 மீட்டர் சங்கிலி: முன்னே 77 கிலோ, மேலே 20 கிலோ.

69-ம் 40-ம் சேர்ந்தால் 109 ஆகாதா என்று கேட்கலாம். திசை வேறானால் நெல் மூட்டை எடையைப் போலக் கூட்டக் கூடாது. தாளில் 6.9 செ.மீ. படுக்கைக் கோடும், அதன் முனையில் 4 செ.மீ. செங்குத்துக் கோடும் வரைந்து, இரு கடைசி முனைகளையும் இணைத்தால் 8 செ.மீ. வரும். அதுவே 80 கிலோ.

ஒரே திசைக் கோட்டில் உள்ளவற்றை மட்டும் நேராகக் கூட்டிக் கழிக்கலாம். கலப்பையின் எடை 20 கிலோ என்றால், அது கீழ்நோக்கியது. 2 மீட்டர் சங்கிலியில் 40-ல் 20 போக, 20 கிலோ மேல்நோக்கி மிஞ்சும். கொழுவின் பிடிப்பும் உழவரின் கையுமே நாள் முழுதும் இதைத் தாங்க வேண்டும். 3 மீட்டரில் மிஞ்சுவது 7 கிலோதான்.

3 மீட்டருக்கு மேல் நீட்டினால் இழுவையில் கிடைக்கும் லாபம் 2 கிலோவே. வரப்போரம் திருப்புவதும் சிரமம். கலப்பை அளவுக்கு மேல் ஆழமாக இறங்கினால், சங்கிலியைச் சற்றுக் குறைக்கலாம். சங்கிலி மாட்டப் பல துளைகள் உள்ள கலப்பையில், மேல் துளையில் மாட்டினால் ஆழம் கூடும். கீழ்த் துளையில் மாட்டினால் குறையும்.

மாட்டை அதட்டும் முன் சங்கிலியை ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது. மாட்டின் உழைப்பும் உழவரின் தோளும் மிஞ்சும்.