ஆபரேஷனுக்கு முன்பே வாந்தியைப் பற்றிப் பேசுங்கள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். கண் விழித்ததும் வாயில் எச்சில் ஊறும், குமட்டும். தையல் போட்ட வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்தபடி வாந்தி எடுக்க வேண்டியிருக்கும். "மயக்க மருந்து கொடுத்தா அப்படித்தாம்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முடியக் கூடாது. அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வரும் இந்தத் தொல்லையைப் பெருமளவு தடுக்க முடியும்.

யாருக்கு வரும் என்பதை முன்பே கணிக்கலாம். 1999-இல் வெளியான அப்ஃபெல் கணக்கு நான்கு கேள்விகளைத்தான் கேட்கிறது: பெண்ணா? புகைப்பழக்கம் இல்லாதவரா? பஸ் பயணத்திலோ முந்தைய ஆபரேஷனிலோ வாந்தி எடுத்தவரா? ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுமா? நான்குக்கும் ஆம் என்றால் வாய்ப்பு சுமார் 80 சதவீதம். (இதற்காக யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம்.)

வாந்தியைத் தடுக்க ஓண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன் போன்ற மருந்துகளோடு இன்னொரு வழியும் உண்டு. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரல் அகலம் மேலே, தடவினால் கயிறுகள்போலத் தட்டுப்படும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஓர் அக்குபங்சர் புள்ளி இருக்கிறது. பெயர் நெய்குவான். அங்கே ஒட்டுப்பட்டையோ வாட்ச் போன்ற கருவியோ வைத்து மெல்லிய மின்துடிப்பு கொடுப்பார்கள். சுருக்சுருக்கென்று இருக்கும், ஊசி குத்துவதில்லை. இந்தப் புள்ளியில் ஊசி குத்திப் பார்த்த ஆய்வை பெல்ஃபாஸ்ட் மருத்துவர் டண்டீயின் குழு 1986-இல் வெளியிட்டது. மின்துடிப்பு, ஊசி, அழுத்தம் என எல்லா முறைகளையும் சேர்த்து, 59 ஆய்வுகளில் 7,667 பேரின் விவரங்களை அலசிய 2015 காக்ரேன் மதிப்பாய்வு, போலித் தூண்டலைவிட இது குமட்டலையும் வாந்தியையும் குறைத்ததாகச் சொன்னது. பக்கவிளைவுகள் சிறியவையே.

அதற்காக மருந்தை மறுத்துவிட்டுப் பட்டையை மட்டும் நம்புவது சரியல்ல. ஆபத்து அதிகமுள்ளவருக்கு இரண்டும் சேர்ந்திருப்பதே நல்லது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மின்கருவியைத் தொடவே கூடாது.

கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைச் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாக்கியது. மயக்க மருத்துவர் முந்தைய நாள் பார்க்க வரும்போதே, "போன தடவை ரொம்ப வாந்தி, டாக்டர்" என்று சொல்லிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

வாந்தி வந்ததாலேயே அது மருத்துவ அலட்சியம் ஆகிவிடாது. சொல்லியும் கவனிக்காமல் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சை ஆவணங்களைக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. கட்டண மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் வாந்தியில் ரத்தம் வந்தாலோ, நிற்காமல் தொடர்ந்தாலோ புகார் பிறகு. முதலில் நர்ஸைக் கூப்பிடுங்கள்.