சிவப்பழகு – யாருக்கு லாபம்?



சமீபத்தில் பொதட்டூர்பேட்டையில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். சேமிப்பு, சந்தா எல்லாம் வசூல் முடிந்து, உள்கடன் கேட்கிற நேரம். ஒரு உறுப்பினர் எழுந்து "எனக்கு 4,000 ரூபாய் வேணும்" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு "மருத்துவச் செலவு" என்றார். ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தில் எழுதப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று சும்மாதான் கேட்டார். அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

மகளுக்கு 19 வயது. கல்லூரியில் படிக்கிறாள். ஆடிக் கிருத்திகை முடிந்ததும் பெண் பார்க்க வருகிறோம் என்று ஒரு வீட்டார் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் வந்துபோன ஒரு வீட்டார், "பொண்ணு லட்சணம்தான், நிறம்தான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சொல் அம்மாவின் மனதில் தைத்துவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று பெயரும் விலாசமும் இல்லாத ஒரு டப்பா கிரீமை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரே மாதத்தில் முகம் வெளுத்தது. தெருவே பாராட்டியது. நான்காவது மாதம் முகம் சிவந்து எரிய ஆரம்பித்தது. கன்னத்தில் முடி முளைத்தது, பருக்கள் வெடித்தன. வெயிலில் தலைகாட்ட முடியவில்லை. கிரீமை நிறுத்தினால் எரிச்சல் இன்னும் அதிகம். மூன்று வாரமாகப் பிள்ளை கல்லூரிக்குப் போகவில்லை.

"நான்தான் மேடம் வாங்கிக் குடுத்தேன். அவ கேக்கவே இல்ல" என்றார் அந்த அம்மா. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம். ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. அன்று கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு கிரீமை வீட்டில் வைத்திருந்தார்கள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது?

"கருப்பே அழகு, காந்தலே ருசி" என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். நாம் கும்பிடுகிற காளி கருப்பு, கண்ணன் கருப்பு. ஆனால் பெண் தேடும்போது மட்டும் சிவப்பு வேண்டும். இது இன்று வந்த நோய் இல்லை. சாதி, வெள்ளைக்காரன் ஆட்சி, வெயிலில் வேலை செய்பவர் தாழ்வு என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து பல காலமாக ஊறிய எண்ணம். இந்த எண்ணத்தைக் காசாக்கத் தெரிந்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற கிரீம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 1998-ல் சென்னையைச் சேர்ந்த கவின்கேர் நிறுவனம் ஃபேர்எவர் கிரீமைக் கொண்டுவந்தது. 2005-ல் ஆண்களுக்கென்றே ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வந்தது. டியூப் வாங்க முடியாதவர்களுக்குப் பெட்டிக்கடையில் சில ரூபாய் பாக்கெட் தொங்கியது.

விளம்பரம் என்ன சொல்லிக் கொடுத்தது? ஒரு விளம்பரத்தில், வருமானம் போதாத ஒரு அப்பா, தனக்கு மகன் இல்லையே என்று வருத்தப்படுவார். அதைக் கேட்ட மகள் கிரீம் பூசுவாள், சிவப்பாவாள், விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கும், குடும்பம் சந்தோஷமாகிவிடும். படிப்பு, திறமை, உழைப்பு எதுவும் அதில் இல்லை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்து மனித உரிமை ஆணையம் வரை புகார் கொண்டுபோனது. மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை தலையிட்டது. 2003-ல் அந்த மாதிரி விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. பெண்கள் கூடிக் கேட்டதால் நடந்தது இது. நாம் மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2001 வாக்கில் அதே நிறுவனம், அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டத்தில் சக்தி என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்களையே ஊர் ஊராகச் சோப்பு, ஷாம்பு, கிரீம் விற்கும் முகவர்களாக ஆக்கியது. அதில் பல பெண்களுக்கு வருமானம் வந்தது உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் குழுவின் நம்பிக்கை வழியாகவே "உன் நிறம் போதாது" என்ற எண்ணமும் கதவுக்குக் கதவு போய்ச் சேர்ந்தது.

சினிமா, சீரியல், செல்போன்

தமிழ் சினிமாவில் கதாநாயகன் நம்ம ஊர் நிறத்தில் இருக்கலாம். கதாநாயகி மட்டும் பெரும்பாலும் வெள்ளையாக இருக்க வேண்டும். கருப்பாக, குண்டாக ஒரு பெண் வந்தால் அது நகைச்சுவைக் காட்சி. 2007-ல் வந்த 'சிவாஜி' படத்தில் இரண்டு பெண்களுக்குக் கருப்பு மை பூசி, அங்கவை, சங்கவை என்று பாரி மகளிரின் பெயரை வைத்துச் சிரிக்க வைத்தார்கள். தியேட்டரில் நாமும்தான் சிரித்தோம். பக்கத்து சீட்டில் நம் மகளும் உட்கார்ந்திருந்தாள்.

நம்ம பக்கத்தில் தமிழ் சேனல், தெலுங்கு சேனல் இரண்டும் ஓடும். இரண்டிலும் ஒரே முகம்தான். இப்போது செல்போன் வந்துவிட்டது. போட்டோ எடுத்தாலே 'ஃபில்டர்' முகத்தை வெளுப்பாக்கி, மூக்கைச் சின்னதாக்கி, பருவை அழித்துக் காட்டுகிறது. பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறாள். இல்லாத ஒரு முகத்தோடு தன் முகத்தை ஒப்பிடுகிறாள். இந்தப் போட்டியில் யாரால் ஜெயிக்க முடியும்?

இது வெறும் எண்ணமா, உண்மையிலேயே பாதிக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். ஃபிஜி என்று ஒரு தீவு நாடு. அங்கே நல்ல சதைப்பிடிப்பான உடம்புதான் அழகு என்று காலங்காலமாக இருந்தது. 1995-ல் ஒரு பகுதிக்கு முதன்முதலாகத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற மருத்துவர் அங்கே பள்ளி மாணவிகளை அந்த ஆண்டும் 1998-லும் ஆய்வு செய்தார். எடை குறைய வேண்டும் என்று சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம் 1995-ல் ஒருவரிடமும் இல்லை. மூன்றே ஆண்டில் 100-க்கு 11 பேரிடம் இருந்தது. 2021-ல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வுத் தாள்கள் வெளியே வந்தன. வளரிளம் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடம்பைப் பற்றிய தாழ்வு எண்ணத்தை இன்ஸ்டாகிராம் கூட்டுகிறது என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

ஆண் பிள்ளைகளும் தப்பவில்லை. 'சிக்ஸ் பேக்' வேண்டும் என்று கண்ட பவுடரை வாங்கிக் குடிக்கிறார்கள். ஒல்லியான பையனை "ஊதினா பறந்துடுவான்" என்கிறோம். அவனுக்கும் மனசு உண்டு.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். வெயிலின் கெடுதியிலிருந்து காப்பாற்றும் இயற்கையான குடை அது. நம்ம ஊர் வெயிலுக்குக் கடவுள் கொடுத்த பாதுகாப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வெளுக்க வைக்கும் கிரீம்களில் பெரும்பாலும் இரண்டு ஆபத்துகள் உண்டு.

ஒன்று, ஸ்டீராய்டு. தோல் நோய்க்கு மருத்துவர் சில நாளுக்கு மட்டும் தரும் மருந்து இது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் வரும். நிறுத்தினால் எரியும். அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது.

இரண்டு, பாதரசம். இது மெலனின் உண்டாவதைத் தடுக்கும். ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2014-ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 32 சிவப்பழகு கிரீம்களைச் சோதித்ததில் 14-ல் பாதரசம் இருந்தது. அளவு குறைவுதான். ஆனால் கலக்கவே கூடாத பொருள் அது. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த பலரை மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர்கள் சிவப்பழகு கிரீம் பூசி வந்தது தெரிந்தது. பள்ளிச் சிறுமியும் அதில் உண்டு.

இவற்றைக் கவனியுங்கள்:

- தயாரித்தவர் பெயர், முழு முகவரி, உரிமம் எண், தேதி இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.
- "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று எழுதியிருந்தால் பாதரசம் இருக்கலாம். நகைக்கே ஆகாதது நம் முகத்துக்கு ஆகுமா?
- "7 நாளில் சிவப்பு" என்றால் அந்த வேகமே எச்சரிக்கை.
- பூசுபவரின் முகம், கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கிரீம் டப்பாவையும் எடுத்துப் போங்கள்.
- பல மாதம் பூசியவர்கள் தோல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தத் துண்டு, தலையணையைக் கூடப் பொதுவாகப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். "உன் பொண்ணு நல்லா வெளுப்பா ஆயிட்டாளே" என்று சந்தோஷப்படுகிறோம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அந்த வெளுப்பு அழகு இல்லை அம்மா, ரத்தக் குறைவு! கிரீமுக்குப் போகும் காசில் முருங்கைக்கீரை, முட்டை, கடலைமிட்டாய் வாங்கலாம்.

மாற்றம் வந்துகொண்டுதான் இருக்கிறது

2009-ல் சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய விமன் ஆஃப் வொர்த் அமைப்பு, "கருப்பும் அழகே" என்ற கருத்தோடு ஒரு பிரசாரத்தை ஆரம்பித்தது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்த பிறகு நாடே பேசியது. 2014-ல் இந்திய விளம்பரத் தரக் கழகம், கருப்பாக இருப்பவர்களைச் சோகமானவர்களாக, வாய்ப்பு இல்லாதவர்களாகக் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. கோத்தகிரிப் பெண்ணான நடிகை சாய் பல்லவி 'பிரேமம்' (2015) படத்தில் முகப்பருவோடு நடித்தார். பின்னாளில் சிவப்பழகு கிரீம் விளம்பரத்தில் நடிக்க மறுத்தார். 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஒரு பெரிய திருமண இணையதளம் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்தது.

பெயர் மாறியது. நம் வாய் மாறியதா? பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனதும் "என்ன நிறம்?" என்றுதான் கேட்கிறோம். "கருவாச்சி", "குண்டச்சி", "நெட்டக்கொக்கு" எல்லாம் செல்லப் பெயர் என்கிறோம். விளம்பரம் அரை நிமிஷம்தான். நம் பேச்சு நாள் பூரா ஓடுகிறது.

அன்று கூட்டத்தில், தார் சுற்றும் வேலை செய்யும் ஒரு பெரியம்மா சொன்னது எங்கள் மனதில் நின்றுவிட்டது. "நூலு என்ன கலருன்னு பாத்தா பாவு ஓட்டுறோம்? அறுந்து போவாம ஓடுமான்னுதானே பாக்குறோம். பொண்ண மட்டும் ஏம்மா கலரப் பாக்குறோம்?"

நாம் என்ன செய்யலாம்?

1. வீட்டில் யாருடைய நிறத்தையும் எடையையும் கேலி செய்வதில்லை என்று முடிவு செய்வோம்.
2. பிள்ளைகளோடு உட்கார்ந்து விளம்பரம் பார்ப்போம். "இதுல யாருக்கு லாபம்?" என்று கேட்போம்.
3. பெண் பார்க்க வருபவர்கள் நிறத்தைச் சொன்னால், அந்த இடம் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வேண்டும். நாம் பெண் பார்க்கப் போகும்போதும் இதே விதிதான்!
4. குழு உறுப்பினர் யாரும் லேபிள் இல்லாத கிரீமை விற்பதில்லை என்று தீர்மானம் போடுவோம்.
5. பிள்ளை கண்ணாடியைத் தவிர்த்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, வெளியே வர மறுத்தாலோ திட்டாமல் பேசுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். குழு அவருக்கு 1,000 ரூபாய் போக்குவரத்துக்கும் மருந்துக்கும் கொடுத்தது. அரசு மருத்துவமனை தோல் பிரிவில் காட்டினார்கள். முழுதாக ஆறப் பல மாதம் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பெண் பார்க்கும் பேச்சை அம்மாவே தள்ளிப்போட்டுவிட்டார். பிள்ளை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் போகிறாள், ஆனால் கல்லூரிக்குப் போகிறாள்.

தீர்மானப் புத்தகத்தில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஊக்குநர் கேட்டார். "மருத்துவச் செலவுன்னு எழுதாதீங்க. கிரீம் பூசினதால வந்த செலவுன்னே எழுதுங்க. நாளைக்குப் படிக்கிறவங்களுக்குத் தெரியட்டும்" என்றார் அந்த அம்மா. அப்படியே எழுதினோம்.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சிந்திப்போம்! பேசுவோம்! மாறுவோம்!