உத்தரத்துக்குள் தட்டுவது யார்?

தெற்கு இங்கிலாந்தில் ரை என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கும் மெர்மெய்ட் விடுதி 1420-இல் திரும்பக் கட்டப்பட்டது. தூணும் உத்தரமும் ஓக் மரம். 18-ஆம் நூற்றாண்டில் ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் என்ற கடத்தல்காரர்கள் துப்பாக்கிகளை மேசைமேல் வைத்துக்கொண்டு இங்கே குடிப்பார்களாம். அதற்கேற்றபடி பேய்க்கதைகளும் சேர்ந்திருக்கின்றன. இதுபோல மரச்சட்டத்தில் நிற்கும் பழைய விடுதிகள் அந்த நாட்டுக் கிராமச் சாலைகளில் இன்னும் நிறைய உண்டு. பேய் இல்லாத விடுதிதான் அபூர்வம்.

இந்தக் கதைகளில் பலவற்றைத் துப்பறியப் போனால் கையில் எதுவும் சிக்காது. பார்த்தவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷம் ஆகியிருக்கும். சொன்னவர் இன்னொருவர் சொல்லக் கேட்டவராக இருப்பார். ஆனால் ஒரு கதை மட்டும் வேறு மாதிரி. அதில் சத்தம் இருக்கிறது, அந்தச் சத்தத்துக்கு ஒரு பருவம் இருக்கிறது, இடம் இருக்கிறது. சத்தம் போட்டவர் தரையில் தூளாகத் தடயமும் விட்டுவைத்திருக்கிறார்.

ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை, வெதுவெதுப்பான நாளின் மாலையிலோ இரவிலோ அது கேட்கும். விளக்கை அணைத்துப் படுத்தவருக்குத் தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து டக்டக்டக்டக் என்று ஆறேழு தட்டு. ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். பிறகு நிசப்தம். மறுபடி அதே தட்டு. சில சமயம் கூரையின் இன்னொரு மூலையிலிருந்து அதே தாளத்தில் பதில் வரும். எழுந்து சுவரில் காதை வைத்தால் நின்றுவிடும்.

அந்த வீட்டில் யாரோ சாகப்போகிறார்கள் என்பதுதான் பல நூற்றாண்டுகளாக இதற்குச் சொல்லிவந்த அர்த்தம். 'டெத்வாட்ச்' என்பது அதன் பெயர். இங்கே 'வாட்ச்' என்பது கைக்கடிகாரம் இல்லை, கண்விழித்துக் காவல் இருப்பது என்று விளக்கம் சொல்வார்கள். பிழைக்க மாட்டார் என்று தெரிந்த ஒருவரின் கட்டிலருகே வீட்டார் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு இருக்காது, அடுப்படியில் பாத்திரச் சத்தம் இருக்காது, குழந்தைகளை அடக்கி வைத்திருப்பார்கள். அந்த அமைதியில்தான் சுவர் தட்டுவது காதில் விழும். விடிவதற்குள் உயிர் பிரிந்தும் இருக்கும். சத்தம் என்னவோ ஒவ்வொரு வசந்தத்திலும் இருந்தது. உட்கார்ந்து கேட்க ஆள் இருந்தது சாவு நெருங்கிய வீட்டில் மட்டும்தான்.

பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த மனசு புரியாமல் போகாது. பேச்சுக்கு நடுவே உத்தரத்தில் பல்லி கத்தினால் என் பாட்டி அப்படியே நிறுத்தி, தரையில் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டுவார். பல்லிக்குப் பதில் சொல்கிறார் என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். இந்தத் தட்டு பின்னால் திரும்ப வரும்.

எட்கர் ஆலன் போ 1841-இல் வெளியிட்ட ஒரு கதையைத்தான் துப்பறியும் கதைகளின் தொடக்கம் என்று பலரும் சொல்கிறார்கள். இரண்டே வருஷம் கழித்து அவர் எழுதிய இன்னொரு கதையில் கொலைகாரன் சுவருக்குள் டெத்வாட்ச் தட்டுவதை இரவிரவாகக் கேட்டதாகச் சொல்கிறான். கடைசியில் பலகைக்கு அடியில் புதைத்தவரின் இதயம் துடிப்பது அவன் காதில் விழுகிறது. டெத்வாட்ச் என்பது மரத்துக்குள் இருந்து தட்டும் ஒரு வண்டு; உண்மையில் அவன் கேட்டது அந்த வண்டைத்தான் என்று படிக்கும் விமர்சகர்கள் உண்டு. எனக்கும் அப்படிப் படிப்பது பிடிக்கும்.

ஆனால் இந்த வழக்கைத் துப்பறிந்தவர்களில் முக்கியமானவர் போவுக்கு இருநூறு வருஷம் முந்தியவர். தாமஸ் பிரவுன், நார்விச் நகரத்தில் மருத்துவம் பார்த்தவர். ஊரார் நம்பும் தவறான சங்கதிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து 1646-இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். சுவர்ச் சத்தத்துக்கும் அதில் இடம் கொடுத்தார். அவர் செய்தது எளிமையான காரியம். அந்தப் பூச்சிகளைப் பிடித்து, மெல்லிய பலகைப் பெட்டிகளில் அடைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மரங்கொத்தி மரத்தைக் கொத்துவதுபோல அவை பெட்டியின் பக்கவாட்டில் தட்டுவதைக் கண்ணால் பார்த்தார், காதால் கேட்டார். இந்தப் பயத்தைப் போக்குகிறவர் எத்தனையோ பாட்டிமாரையும் தாதிமாரையும் குளிர்ந்து வியர்க்காமல் காப்பாற்றியவர் ஆவார் என்றும் எழுதிவைத்தார். நோயாளிகளின் கட்டிலருகே வாழ்நாளைக் கழித்த ஒரு மருத்துவர் அந்தப் பாட்டிகளைக் கேலி செய்யாமல் அவர்களுக்காகப் பெட்டியில் வண்டு வளர்த்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்றைக்கு அந்த வண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பச்சைப்பயறைவிடக் கொஞ்சம் நீளம், சுமார் 7 மி.மீ. சாக்லேட் பழுப்பு நிறம், முதுகில் அங்கங்கே மங்கிய மஞ்சள் மயிர்த் திட்டுகள். தலை வெளியே நீளாது. முக்காடு போட்டதுபோல மார்பின் ஓட்டுக்கு அடியில் உள்வாங்கியிருக்கும். இதன் சொந்தக்கார வண்டு நம் சமையலறையிலேயே இருக்கிறது. மஞ்சள் கிழங்கிலும் கொத்தமல்லி விதையிலும் துளை போட்டுப் பொடியாக்குகிற சின்னஞ்சிறு பழுப்பு வண்டு இதே குடும்பம்தான்.

தட்டும்போது அது ஆறு காலையும் ஊன்றி, உடம்பு முழுவதையும் வெடுக்கென்று ஆட்டி, நெற்றியை மரத்தில் மோதுகிறது. ஒரு தடவைக்கு 4 முதல் 11 மோதல். கடிகாரத்தின் டிக் டிக்கைவிடப் பலமடங்கு வேகம். இத்தனை சின்ன உடம்பின் சத்தம் அறை முழுக்கக் கேட்பதற்குக் காரணம் உத்தரமே. வீணையின் குடம் தந்தியின் சன்னமான அதிர்வை வாங்கிப் பெரிதாக்குவதுபோல, குடைந்துபோன ஓக் கட்டை அந்த மோதலை வாங்கி வெளியே விடுகிறது. இன்னொரு வண்டு இதைக் கால் வழியாக, மரத்தின் அதிர்வாக உணர்கிறது.

இது மனிதருக்கு விடுக்கும் சேதியே இல்லை. ஆண் வண்டு இருட்டில் நடந்துபோய், நின்று, தட்டும். பக்கத்தில் பெண் வண்டு இருந்தால் உடனே பதிலுக்குத் தட்டும். பெண் தானாக முதலில் தட்டுவதில்லை. பதில் கிடைத்ததும் ஆண் கொஞ்சம் நகர்ந்து மறுபடி தட்டும், மறுபடி பதில் வாங்கும், மறுபடி நகரும். கூரையின் இரு மூலைகளிலிருந்து கேட்டதாகச் சொன்னோமே, அது இந்த உரையாடல்தான். 1990-களில் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை உட்கார்ந்து அளந்தார்கள். தேடி வந்து சேர்ந்த ஆணைப் பெண் அப்படியே ஏற்றுக்கொள்வதும் இல்லையாம். எடை குறைந்தவனைத் தள்ளிவிடுகிறது. காரணம் இருக்கிறது. சேர்க்கையின்போது ஆண் தன் எடையில் சுமார் 13 சதவீதத்தைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. வளர்ந்த வண்டு எதையும் தின்பதில்லை. ஆகவே அது கொடுப்பதெல்லாம் புழுவாக இருந்த காலத்தில் மரத்தைத் தின்று சேர்த்த சேமிப்பு.

பூச்சியியலாளர்களுக்குத் தெரிந்த ஒரு வித்தை உண்டு. வண்டு இருக்கும் கட்டையில் பென்சிலின் முனையால் அதே வேகத்தில் தட்டினால் உள்ளிருந்து பதில் வரும். இதைப் படித்த அன்று என் பாட்டியின் விரல் முட்டிதான் நினைவுக்கு வந்தது. அவர் தட்டியதற்குப் பல்லி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. இந்த வண்டு சொல்லும்.

அது மரத்துக்குள் என்ன செய்கிறது என்பதுதான் வழக்கின் கனமான பகுதி. தாய் வண்டு மர வெடிப்பிலோ பழைய துளைக்குள்ளோ ஐம்பது முட்டை போலப் போடும். பொரிந்த புழு உள்ளே நுழைந்தால் வெளியே வர வருஷக்கணக்கில் ஆகும். மரம் சாதகமாக இருந்தால் இரண்டு மூன்று வருஷம், காய்ந்து இறுகியிருந்தால் பத்து வருஷம், அதற்கு மேலும்கூட. கோடைக் கடைசியில் கூட்டுப்புழுவாகி, சில வாரங்களில் வண்டாகி, அப்போதும் வெளியே வராமல் குளிர்காலம் முழுக்க மரத்துக்குள்ளேயே இருக்கும். அடுத்த வசந்தத்தில்தான் 3 மி.மீ. அகலமுள்ள வட்டத் துளை போட்டு வெளியேறும். நாற்காலி மேசைகளைத் துளைக்கும் சாதாரண மர வண்டின் துளை இதில் பாதியளவுதான் இருக்கும், அது தட்டவும் தட்டாது. இந்த இரண்டையும் பிரித்தறிய இன்னொரு அடையாளம் தூள். டெத்வாட்ச் வண்டின் உளுத் தூளை விரலில் தேய்த்தால் மாவாக இருக்காது. குட்டி இட்லிகள் போலத் தட்டை உருண்டைகளாக நெருடும்.

உளுத்த மரம் என்று நாம் சொல்லும்போது வண்டுமேல்தான் பழியைப் போடுகிறோம். ஆனால் ஓக் மரம் லேசுப்பட்டதில்லை. உலர்ந்த, கெட்டியான ஓக் வைரத்தில் இந்தப் புழுவால் தலையெடுக்க முடியாது. முதலில் மரத்தில் ஈரம் ஏற வேண்டும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்க வேண்டும். பூஞ்சை மரத்தை இளக்கிய பிறகுதான் புழுவுக்குப் பந்தி. காட்டிலும் இதன் இடம் அதுதான், வயதான ஓக், வில்லோ மரங்களின் பட்டுப்போன பகுதி. கட்டடத்தில் ஈரம் ஏறும் இடங்களைக் கொத்தனாரைக் கேட்டால் விரல்விட்டுச் சொல்வார். உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடம், ஈயத் தகட்டு மழைநீர்க் கால்வாய் ஒழுகும் இடம், மூச்சுவிட்டுக்கொண்டிருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சின்மேல் யாரோ சிமெண்ட் பூசி நீரை உள்ளே அடைத்துவிட்ட இடம்.

ஆக, அந்தத் தட்டு ஒரு எச்சரிக்கைதான். நோயாளிக்கு விடுத்தது என்று எடுத்துக்கொண்டார்கள். கூரைக்குச் சேரவேண்டியது அது.

இதை அலட்சியம் செய்தால் எதுவரை போகும் என்பதற்கு லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் சாட்சி. இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில், 1390-களில், ஹியூ ஹெர்லண்ட் என்ற தலைமைத் தச்சர் அதற்கு ஓக் கூரை போட்டார். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் சுமார் 20 மீட்டர் அகலத்தைத் தாண்டி நிற்கும் கூரை, 600 டன்னுக்கு மேல் மரம். கீழே மன்னர்களும் வழக்கறிஞர்களும் வந்துபோன ஐந்நூறு வருஷத்தில் மேலே வண்டு தின்றுகொண்டே இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிராங்க் பெய்ன்ஸ் என்ற அரசுக் கட்டடக் கலைஞர் ஏறிப் பார்த்தபோது, வெளியே முழுசாகத் தெரிந்த உத்தரங்கள் உள்ளே பொந்தாகியிருந்தன. 1914-இல் தொடங்கிய பழுதுபார்ப்பு 1923 வரை நடந்தது. இன்று அந்த ஓக் மரத்துக்கு உள்ளே எஃகுத் தாங்கல் இருக்கிறது.

வண்டைக் கொல்ல மருந்து வேண்டும் என்று பெய்ன்ஸ் அழைத்தவர் ஹெரால்ட் மேக்ஸ்வெல் லெஃப்ராய். இவருக்கு நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. பிகாரில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இந்திய அரசின் பூச்சியியலாளராக வேலை பார்த்தவர். இந்தியப் பூச்சிகளைப் பற்றி 1909-இல் அவர் எழுதிய பெரும் நூல் இங்கே பூச்சியியல் படித்தவர்கள் வெகுகாலம் புரட்டிய நூல். லண்டன் திரும்பி இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது இந்த வண்டுக்காகக் கலந்து பார்த்த மருந்திலிருந்து ஒரு தொழில் பிறந்தது. இன்று நம் ஊர் அலுவலகங்களிலும் பூச்சி மருந்தடிக்க வருகிற ரென்டோகில் அதுதான். லெஃப்ராய் அதன் வளர்ச்சியைப் பார்க்கவில்லை. 1925 அக்டோபரில் தன் ஆய்வுக்கூடத்தில் நச்சு வாயுவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அதுவே தாக்கி இறந்துபோனார். அவருக்கு வயது 48. சாவை அறிவிக்கும் என்று ஊர் பயந்த வண்டுக்கு மருந்து தேடப் புறப்பட்டவரின் முடிவு இப்படி ஆனதை நினைக்கும்போது மனசு கனக்கிறது.

அவருக்குப் பின் பல பத்தாண்டுகள் புகையும் மருந்துமாக அடித்துப் பார்த்தார்கள். கனத்த உத்தரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் புழுவை மேலே தெளித்த மருந்து எட்டுவதில்லை. பழைய கட்டடங்களைப் பேணுகிறவர்கள் இப்போது முதலில் தேடுவது ஒழுகும் இடத்தை. அதை அடைத்து, காற்றோட்டம் கொடுத்து, மரத்தைக் காயவிடுகிறார்கள். ஈரம் போனால் பூஞ்சை நிற்கும், புழுவின் வளர்ச்சியும் சுருங்கும். பரணில் இருக்கும் சிலந்தி வலைகளையும் கலைக்க வேண்டாம் என்கிறார்கள். வெளியே வரும் வண்டுகளில் நிறைய அந்த வலைகளில் சிக்கிவிடுகின்றன.

துளைகள் பழையவையா, வண்டு இன்னும் உயிரோடு உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரு துப்பறிவாளர் கதவிடுக்கில் மயிரிழை ஒட்டிவைப்பாரே, அதே யோசனை. குளிர்காலத்தில் பரண்மேல் ஏறி, சந்தேகமான உத்தரத்தைத் துடைத்து, துளைகளின்மேல் மெல்லிய காகிதத்தைப் பசை போட்டு ஒட்டித் தேதி எழுதிவிடுவார்கள். தட்டும் பருவம் முழுக்க யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஜூலையில் விளக்கை எடுத்துக்கொண்டு மேலே ஏறிக் காகிதத்தைப் பார்ப்பார்கள். முழுசாக இருந்தால் அங்கே இருந்தவர்கள் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. காகிதத்தில் 3 மி.மீ. அளவில் வட்டமாக ஒரு புது ஓட்டை இருந்தால், அந்த இடத்துக்கு நேர் மேலே கூரை ஓடுகளைப் பிரித்து நீர் எங்கிருந்து இறங்குகிறது என்று தேடத் தொடங்குவார்கள்.