ஒரே கத்தி, இரண்டு முதுகுகள்

1955 நவம்பரில் அமெரிக்க அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்யாதவர்களுக்குப் பெரிய ஆபரேஷன் செய்யலாமா என்பது அதன் விஷயம். உதாரணத்துக்கு, பெயர் சொல்லாமல், ‘37 வயது ஆண்’ ஒருவர் வருகிறார். 1954 அக்டோபர் 21 அன்று அடிமுதுகு எலும்புகளை ஒன்றாகப் பிணைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். ‘ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் காலி’ என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். இங்கே பேஷன்ட் பிழைத்தார், கூடவே வலியும் பிழைத்துக்கொண்டது.

அந்த ஆண், அப்போது செனட்டராக இருந்த ஜான் எஃப். கென்னடி.

அவர் முதுகில் விழுந்த முதல் கத்தி அதுவல்ல. 1943-ல் சாலமன் தீவுகள் அருகே ஜப்பானியப் போர்க்கப்பல் மோதி அவருடைய பி.டி.-109 படகு பிளந்தது. தீக்காயம்பட்ட சக வீரரின் லைஃப் ஜாக்கெட் பட்டையைப் பல்லில் கடித்தபடி மணிக்கணக்கில் நீந்தினார். கல்லூரி நாளிலிருந்தே தகராறு செய்த முதுகு அதற்குப் பிறகு மோசமானது. 1944-ல் பாஸ்டனில் டிஸ்க் ஆபரேஷன். திறந்து பார்த்தால், எதிர்பார்த்தபடி டிஸ்க் பிதுங்கியிருக்கவில்லை. 1954-ல் இரண்டாவது முறை, உலோகத் தகடு வைத்து. தொற்று வந்து, நினைவு தப்பி, பாதிரியார் கடைசிச் சடங்குவரை செய்துவிட்டார். நாலு மாதத்தில் அந்தத் தகட்டை எடுக்க மூன்றாவது ஆபரேஷன். 1957-ல் சீழ்க்கட்டிக்காக நான்காவது.

1954-ல் நியூயார்க்கில் கத்தி பிடித்தவர் டாக்டர் பிலிப் வில்சன். எட்டு வருடம் முன்பு, 1946-ல், அதே நியூயார்க்கில் இன்னொரு முதுகையும் அவர் பிணைத்திருந்தார். மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் முதுகு அது. 1925-ல் பஸ்ஸின்மீது டிராம் மோதியதில், 18 வயதில், முதுகெலும்பும் இடுப்பும் நொறுங்கியவர். ஊர் திரும்பியதும் அவர் தீட்டிய ‘நம்பிக்கை மரம்’ ஓவியத்தில் இரண்டு ஃப்ரீடாக்கள்: ஒருத்தி ஸ்ட்ரெச்சரில், முதுகில் ரத்தம் கசியும் இரண்டு வெட்டுகளோடு படுத்திருக்கிறாள், இன்னொருத்தி சிவப்பு உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், கையில் இடுப்பு கார்செட். வலி போய்விட்டது என்று அந்தப் படம் பொய் சொல்லவில்லை. 1950-ல் மெக்ஸிகோ நகர மருத்துவமனையில் மறுபடி மறுபடி கத்தி. ஏறக்குறைய ஒரு வருடம் அங்கேயே கிடந்தார்.

“அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே, இன்னும் என்ன வலி?” நம் வீடுகளில் பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் காதில் வாரத்துக்கு நாலு முறை விழும் கேள்வி இது. ஸ்கேனில் எல்லாம் கச்சிதமாகத் தெரியும், அதுதான் வம்பே. இரண்டு எலும்பைப் பிணைத்தால், அவை வளைந்து செய்த வேலை மேலும் கீழும் உள்ள மூட்டுகளின் தலையில் விழுகிறது. கழுத்தில் பிணைத்தாலும் இதே கதைதான். வெட்டிய இடத்துத் தழும்பு நரம்பைச் சுற்றி இறுகலாம். நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு, அழுத்தம் நீங்கிய பிறகும் பழைய சேதியையே அனுப்பிக்கொண்டிருக்கலாம். சில சமயம் வலியின் வேர் கத்தி வைத்த இடத்திலேயே இருந்திருக்காது. இதற்காக ஆபரேஷனே வேண்டாம் என்று ஓடுவதும் தப்பு. கால் பலமிழந்து, சிறுநீர் போவதே தெரியாமல் வருகிறவருக்கு ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்து.

இந்த வலிக்கு மருத்துவம் வைத்த பெயர் ‘தோற்றுப்போன முதுகு அறுவை நோய்க்குறி’. தோற்றது யார், டாக்டரா நோயாளியா என்று அந்தப் பெயர் சொல்லாது. கேட்ட நோயாளி தன்னைத்தான் நினைத்துக்கொள்வார். 2021-ல் நிபுணர்கள் ‘நீடிக்கும் முதுகுத்தண்டு வலி’ என்று மாற்றச் சொன்னார்கள். ரொம்ப தாமதம், ஆனாலும் நல்ல காரியம்.

கென்னடிக்கு 1955 முதல் வைத்தியம் பார்த்தவர் டாக்டர் ஜேனட் ட்ரேவல். எலும்பை விட்டுத் தசையைத் தொட்டுப் பார்த்தவர். தொட்டால் துள்ளவைக்கும் முடிச்சுகளில் மரப்பு ஊசி போட்டார். இடது ஷூவின் குதிகாலை உயர்த்தினார். அந்தப் புகழ்பெற்ற ஆடும் நாற்காலி அவர் சொன்னதுதான். ஆனால் ஜனாதிபதியான பிறகு, 1961 மே மாதம் ஒட்டாவாவில் ஒரு மரக்கன்று நட மண்வெட்டியைப் பிடித்ததில் முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த வலியோடுதான் அடுத்த மாதம் வியன்னாவில் சோவியத் தலைவர் குருஷேவுக்கு எதிரே உட்கார்ந்தார். ஊசிகள் பெருகின. அக்டோபரில் டாக்டர் ஹான்ஸ் க்ராஸ் வந்தார். மலையேறும் பழக்கமுள்ள ஆஸ்திரியாக்காரர். ஊசியை நிறுத்து, உடற்பயிற்சி செய், வாரம் மூன்று முறை. அமெரிக்க ஜனாதிபதியைத் தரையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொன்னார். முதல் கத்திக்கும் இந்தப் பயிற்சிக்கும் நடுவே 17 வருடம். எனக்கு ஆறாத இடம் இதுதான். உள்ளதிலேயே எளியது கடைசியில்தான் வந்தது. வந்தபின் அவர் தேறினார்.

ஆனாலும் அவர் இடுப்பில் கட்டிய பெல்ட் போகவில்லை. காமிராக்களுக்கு முன்னால் வருமுன் ஊன்றுகோலை ஒளித்துவைத்த மனிதர் அவர். சட்டைக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்? 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் பெல்ட்டும், அதன்மேல் இறுக்கிய எலாஸ்டிக் கட்டும் இருந்தன. முதல் குண்டுக்குப் பின் அவர் சரிந்து விழாமல் அதுதான் நிமிர்த்திப் பிடித்தது என்று சில மருத்துவர்கள் வாதிடுகிறார்கள். நிரூபிக்க வழியில்லை.

ஃப்ரீடா தன் மாவுக்கட்டின் மேலேயே படம் வரைந்தார். கென்னடி மறைத்தார், ஃப்ரீடா காட்டினார் என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் 1954 ஜூலையில் ஃப்ரீடா இறந்த பிறகு, அவருடைய நீல வீட்டின் குளியலறையைக் கணவர் தியேகோ ரிவேரா பூட்டிவைக்கச் சொன்னார். 2004-ல்தான் திறந்தார்கள். உள்ளே ஊன்றுகோல்கள், மருந்துகள், கார்செட்டுகள்.