கார்க் கண்ணாடியும் கடைமடைத் தண்ணீரும்

மோட்டார் உதிரிபாகக் கடைகளில் கல்லாவுக்கு மேலே ஓர் அறிவிப்பு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ‘எலக்ட்ரிக்கல் சாமான்கள் விற்றபின் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்பதே அது. இந்த வழக்கத்தில் நியாயம் உண்டு. ஒருமுறை தவறாக இணைத்துக் கருகிய சாமானை நாம் யாருக்கு விற்க முடியும்? ஆனால் பலகை மாட்டுவதோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது. வாங்க வந்தவருக்கு அந்தச் சாமான் தேவைதானா என்று விற்கும் முன்பே கேட்டுத் தெளிவதுதான் அந்தக் கடமை. பழைய சொகுசுக் கார்களின் பவர் விண்டோ விஷயத்தில் இது மிகவும் அவசியமாகியிருக்கிறது. நம் வணிகப் பெருமக்களில் பலர் இத்தகைய கார்களுக்குச் சொந்தக்காரர்களாகவும் இருப்பதால், விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பயன்படும் சில செய்திகளை இங்கே தருகிறோம்.

வசதி வந்த வழி

பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ஏறி இறங்கும் வசதியை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940-41ஆம் ஆண்டுகளில் தன் உயர்ரகக் காரில் கொண்டுவந்தது. அதில் மின்சாரம் நேராகக் கண்ணாடியை ஏற்றவில்லை. மின்மோட்டார் எண்ணெயை அழுத்தியது. எண்ணெயின் அழுத்தம் கண்ணாடியைத் தூக்கியது. 1963 முதல் 1981 வரை வந்த மெர்சிடிஸ் 600 காரிலும் கண்ணாடிகள் எண்ணெய் அழுத்தத்தில்தான் இயங்கின. மற்றக் கார்களில் காலப்போக்கில் எண்ணெய் போய், கதவுக்கு ஒரு சிறு மின்மோட்டார் என்ற முறை நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் 1984 முதல் 2002 வரை தயாரான காண்டசா கார்களில், பின்னாளில் வந்த சிலவற்றில் இந்த வசதி இருந்தது. கைப்பிடி சுற்றும் காண்டசாவிலும் அம்பாசிடரிலும் வெளியே வாங்கிய மோட்டார் செட்டைப் பொருத்திக்கொண்டவர்களும் உண்டு. 1995இல் புனேயில் மெர்சிடிஸ் பென்ஸ் காரைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். டபிள்யூ 124 என்று அழைக்கப்படும் அந்த வகைக் கார்கள் இன்று ஏறத்தாழ முப்பது வயதானவை. முதல் சொந்தக்காரரிடமிருந்து கைமாறி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களிலும் இத்தகைய கார்களை ஆசையோடு வாங்கிப் பராமரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காரின் விலை இறங்கியிருக்கலாம். உதிரிபாகத்தின் விலை இறங்குவதில்லை. சரியான சாமான் கிடைப்பதும் அரிதாகிவருகிறது. ஆகவே நல்ல மோட்டாரைக் கெட்டுப்போனது என்று தூக்கி எறிவது, பணத்தை மட்டுமல்ல, மறுபடி கிடைக்காத பொருளையும் எறிவதாகும்.

கதவுக்குள் என்ன நடக்கிறது?

கதவுக்குள் இருப்பது 12 வோல்ட் நேர்மின்சார மோட்டார். லைன், எர்த் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். சுவிட்ச் செய்வது இந்த மாற்றத்தைத்தான். மோட்டார் ஒரு திருகுப் பல்சக்கரத்தைச் சுற்ற, அது கத்தரி போன்ற இரும்புக் கைகளையோ, ஓர் எஃகுக் கம்பிவடத்தையோ இயக்கிக் கண்ணாடியைத் தூக்குகிறது. திருகுப் பல் இருப்பதால்தான் மின்சாரம் நின்றாலும் கண்ணாடி தானாக இறங்குவதில்லை. கண்ணாடி தடைபட்டால் மோட்டார் கருகாமல் இருக்க, சூடேறினால் தானாக விட்டுவிட்டு, ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும் பாதுகாப்புப் பட்டையும் பெரும்பாலான மோட்டார்களுக்குள் உண்டு. ‘கொஞ்ச நேரம் கழித்து வேலை செய்தது’ என்று வாடிக்கையாளர் சொன்னால் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று, கல்லணையும் தாண்டியாயிற்று. ஆனால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. வயல் கெட்டுவிட்டது என்று எந்த விவசாயியாவது சொல்வாரா? வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்றுதான் சொல்வார். காரில் பேட்டரிதான் மேட்டூர். பின்கதவு மோட்டார்தான் கடைமடை. இடையில் ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச், ஒயர், இணைப்புகள் எல்லாம் வாய்க்கால். முப்பது வருடத்தில் தூர்ந்துபோவது பெரும்பாலும் வாய்க்கால்தான்.

கணக்கும் எளிதே. ஓடும் மோட்டார் 8 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். வழியில் பாசிபிடித்த ஓர் இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால், அது மட்டும் 4 வோல்ட்டை விழுங்கிவிடும். 12 வோல்ட்டில் மோட்டாருக்கு மிஞ்சுவது 8 வோல்ட். கண்ணாடி முனகிக்கொண்டு பாதி வரை ஏறி நிற்கும்.

இதில் எலக்ட்ரீஷியன்கள் ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். முழு 12 வோல்ட் காட்டும். ‘லைன் நன்றாக வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மதகை மூடி வைத்தால் தூர்ந்த வாய்க்காலிலும் தண்ணீர் மெல்ல வந்து தேங்கி மட்டம் காட்டத்தான் செய்யும். மதகைத் திறந்து பாயவிட்டால்தான் உண்மை தெரியும். அதுபோல மோட்டார் இணைப்பில் இருந்து, சுவிட்சை அழுத்திய நிலையில் அளந்தால்தான் அது சரியான அளவு.

நம் சீமையில் கெடுவது எப்படி?

காவிரிப் படுகையின் காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும் இணைப்புகளில் பச்சைப் பாசியை ஏற்றுகின்றன. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, அதிராம்பட்டினம் பக்கம் கடல் உப்பும் சேர்ந்துகொள்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் தூசியும் உமித் தூசியும் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் படிந்து, ஈரத்தில் இறுகிவிடுகின்றன. கண்ணாடி இறுக, மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. கூடுதல் மின்சாரம் ஓட ஓட, பாசிபிடித்த இணைப்பு சூடாகி இன்னும் கெடுகிறது.

ஏ.சி. ஓடுவதால் கண்ணாடியை இறக்காமலே வைத்திருப்பது இன்னொரு காரணம். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியாவது பெட்ரோல் பங்கில் இறங்கி ஏறும். பின்கதவுக் கண்ணாடிகள் மாதக்கணக்கில் அசைவதில்லை. அசையாத சுவிட்சில் பாசி ஏறும். அசையாத கண்ணாடி ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கி ஏற்றுவதைவிட மலிவான வைத்தியம் வேறில்லை.

பென்ஸ் 124 வகையில் முன்கதவுச் சுவிட்சுகள் கதவில் இல்லை. இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில், கியர் அருகே இருக்கின்றன. காபியும் இளநீரும் சிந்துவது அங்கேதான். அந்தக் காரின் ஃப்யூஸும் வேறு தினுசு. இரு முனையும் கூம்பாக, நடுவில் உலோகப் பட்டை ஓடும். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. ஃப்யூஸ் எரியாமலே அதன் கூம்பு முனையில் பாசி பிடித்து மின்சாரம் தடைபடுவது வழக்கமான கோளாறு. சாவியை அணைத்துவிட்டு ஃப்யூஸை விரலால் இரண்டு சுற்றுத் திருகிவிட்டாலே சில சமயம் கண்ணாடி ஏறிவிடும்.

ஓர் உதாரணம்

நாம் அறிந்த அரிசி ஆலை உரிமையாளர் ஒருவரின் பழைய பென்ஸில் பின்கதவுக் கண்ணாடி ஒன்று நின்றுவிட்டது. மோட்டார் போய்விட்டது என்று சொல்லப்பட்டது. சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய மோட்டார் ஒன்றை வரவழைத்துப் போட்டார்கள். இரண்டு நாள் ஓடிற்று, நின்றது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்கினார்கள். அதுவும் அப்படியே. கடைசியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர், சுவிட்சை ஒருவரை அழுத்தச் சொல்லிவிட்டுக் கதவை மெல்லத் திறந்து மூடினார். ஒரு குறிப்பிட்ட நிலையில் கண்ணாடி ஏறிற்று. கீல் ஓரத்தில், கதவுக்குள் நுழையும் ரப்பர் குழாய்க்குள் ஒயர் முறிந்திருந்தது. மேலுறை முழுதாக இருந்ததால் வெளிப்பார்வைக்குத் தெரியவில்லை. உள்ளே இரண்டு மூன்று இழைகள்தான் தொட்டுக்கொண்டிருந்தன. அரை முழம் ஒயரில் காரியம் முடிந்தது. முதலில் இருந்த மோட்டாரே மறுபடி ஏறியது. வாங்கிய இரண்டு மோட்டாரும் ஆலையில் கிடக்கின்றன. அவற்றை விற்றவர்களும் நம்மைப் போன்ற வியாபாரிகள்தாமே!

பார்க்க வேண்டிய முறை

ஒன்று: இரவு நேரத்தில் உள்விளக்கைப் போட்டுவிட்டுச் சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு சற்று மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது; கண்ணாடியோ பல்சக்கரமோ இறுகியிருக்கலாம். மங்கவே இல்லையென்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கலாம்.

இரண்டு: எல்லாக் கண்ணாடிகளும் நின்றனவா, ஒன்று மட்டுமா? எல்லாம் நின்றால் ஃப்யூஸையும் ரிலேயையும் பாருங்கள். நான்கு மோட்டாரும் ஒரே நாளில் போவதில்லை.

மூன்று: பல கார்களில் மற்றக் கதவுகளுக்கான லைனும் எர்த்தும் ஓட்டுநர் பக்கத்துச் சுவிட்சு வழியாகவே போய்வருகின்றன. பின்கதவு நின்றாலும் குற்றவாளி முன்னால் உட்கார்ந்திருக்கலாம். ஏறுகிறது, இறங்கவில்லை என்றால் சந்தேகம் முதலில் சுவிட்சின் மேல் வரவேண்டும்.

நான்கு: மேலே சொன்னபடி சுவிட்சை அழுத்திக்கொண்டே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்.

ஐந்து: மோட்டார் இணைப்பில் இருக்கும்போதே வோல்ட் அளக்க வேண்டும். லைனோடு எர்த்தையும் அளக்க வேண்டும். தண்ணீர் வர ஒரு வாய்க்கால் போல, வடிய ஒரு வடிகாலும் வேண்டுமல்லவா?

ஆறு: இவ்வளவும் சரியாக இருந்தால், ஃப்யூஸ் வைத்த தனி ஒயரில் பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு மின்சாரம் கொடுங்கள். கண்ணாடியின் பளு இல்லாமலும் சுற்றவில்லை என்றால் மட்டுமே அது மோட்டார் கோளாறு. அப்போதும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே புதிது வாங்க வேண்டும்.

இதைச் செய்யும்போது சில எச்சரிக்கைகள் உண்டு. கத்தரிக் கை உள்ள அமைப்புகள் பலவற்றில் கண்ணாடியின் எடையைத் தாங்க வலுவான சுருள் ஸ்பிரிங் இருக்கும். கையைப் போல்ட் போட்டு நிறுத்தாமல் மோட்டாரைக் கழற்றினால் ஸ்பிரிங் விடுபட்டு விரலை வெட்டிவிடும். கண்ணாடியையும் கட்டி நிறுத்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறியக்கூடாது; அது மழைநீர் உள்ளே கசியாமல் காப்பது. கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளைக் குத்திவிட வேண்டும். ரப்பர் பள்ளத்தில் என்ஜின் ஆயிலோ கிரீஸோ தடவினால் ரப்பர் உப்பிவிடும். சிலிக்கான் ஸ்பிரேதான் ஏற்றது. ஃப்யூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். அது காரை எரித்துவிடும்.

பழைய கார்களின் கண்ணாடிக்குக் கை தட்டுப்பட்டால் நின்று திரும்பும் அறிவு கிடையாது. குழந்தையின் முழங்கால் சுவிட்சின் மேல் பட்டாலே கண்ணாடி ஏறிவிடக்கூடும். குழந்தைகளைச் சாவியோடு காரில் விட்டுவிட்டு இறங்கவே கூடாது.

நாம் செய்யக்கூடியது

உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அன்பர்கள் மோட்டார் கேட்டு வருகிறவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். எத்தனை கண்ணாடி நின்றது? விளக்கு மங்குகிறதா? கதவை அசைத்துப் பார்த்தீர்களா? மோட்டார் இணைப்பில் இருக்கும்போது அளந்தீர்களா? இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். பதில் தெரியாமல் வந்திருந்தால், பார்த்துவிட்டு வரச் சொல்வதே மரியாதை.

ஒரு மோட்டாரின் லாபம் போய்விடுமே என்று தோன்றலாம். கூம்பு ஃப்யூஸ், ரிலே, டெர்மினல், நல்ல செம்பு ஒயர், கார்பன் பிரஷ், சிலிக்கான் ஸ்பிரே ஆகியவற்றை இருப்பில் வையுங்கள். இவற்றுக்கு முதல் அதிகம் முடங்காது. சரக்கு தேங்காமல் விற்கும். அரிதான மோட்டாரை வாங்கி வைத்து வருடக்கணக்கில் வட்டிக்குக் காத்திருப்பதைவிட இது சுகமான வியாபாரம்.

காரின் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எலக்ட்ரீஷியன் அரைநாள் தேடி ஓர் ஒயரைக் கண்டுபிடித்தால், ‘ஒரு துண்டு ஒயருக்கா இவ்வளவு கூலி?’ என்று கேட்கிறோம். சாமானுக்குப் பேசாமல் பணம் கொடுக்கிறோம். கண்டுபிடித்த அறிவுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. அதனால்தான் அவரும் தேடுவதை விட்டுச் சாமானை மாற்றச் சொல்லிவிடுகிறார். கோளாறைக் கண்டுபிடிப்பதற்கென்று தனியாகக் கூலி பேசுங்கள். அடுத்த தலைமுறைப் பையன்களும் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள முன்வருவார்கள்.

கல்லாவுக்கு மேலே இருக்கும் பலகை அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நாம், கேட்டுத் தெளிந்து விற்போம். கார்க் கண்ணாடி ஏறினால் மட்டும் போதாது. வாங்கியவர் மறுபடியும் நம் கடைப்படி ஏற வேண்டும்.