மறதி நோயும் நம் வீட்டுப் பெரியவர்களும்



திருவண்ணாமலையில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது நாம் அடிக்கடி கேட்பது: "சாமி, அம்மா வேணும்னே பண்றாங்க. இப்பதான் சாப்பிட்டாங்க, மறுபடியும் சோறு கேக்கறாங்க." அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. அல்சைமர் நோயில் மூளைக்குள் செய்தி போய்ச் சேர்வதே தடைபடுகிறது.

1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், மறதியால் துன்புற்று இறந்த ஒரு பெண்ணின் மூளையில் படிவுகளையும் இழைச் சிக்கல்களையும் கண்டு எடுத்துரைத்தார். படிவு என்பது அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துண்டுகளின் திரள். சிக்கல் என்பது டௌ என்ற புரதம்.

நரம்பு செல்களுக்கு நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு செல் வேதிப்பொருளைச் சுரக்க, அடுத்த செல் அதை ஏற்பிகளால் வாங்கிக்கொள்கிறது. இப்படிச் செய்தி பலமுறை கடக்கும்போது இணைப்பு உறுதிப்பட்டு நினைவு பதிகிறது. அமிலாய்டு துண்டுகள் ஒட்டிச் சிறு திரள்களாகி, இவ்விடத்தில் ஏற்பிகளின் வேலையைக் கெடுக்கின்றன. பெரிய படிவுகளைவிட இச்சிறு திரள்களே அதிகத் தீங்கானவை என்பது பல ஆய்வாளரின் கருத்து. டௌ, செல்லுக்குள் சரக்குப் போகும் தண்டவாளத்தைத் தாங்க வேண்டிய புரதம். அது கழன்று முறுக்கிக்கொண்டால் செல்லின் கோடிவரை எதுவும் சேராது. செல்கள் பெருமளவில் மடிவதற்கு முன்பே அவற்றின் பேச்சு தடுமாறிவிடுகிறது.

புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகிறது. அதனால்தான் காலைச் சாப்பாடு மறக்கிறது; சிறுவயதில் கற்ற செபம் நெடுநாள் நிற்கிறது. மகன் பெயர் வராத பாட்டி, நாம் செபமாலையைத் தொடங்கியதும் மங்கள வார்த்தை செபத்தைப் பிசகாமல் முடிப்பதைக் கண்டிருக்கிறோம்.

2023இல் வெளியான நாடுதழுவிய ஆய்வொன்றின்படி, 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் சுமார் 88 லட்சம் பேருக்கு ஏதோவொரு வகை மறதி நோய் உள்ளது. அமிலாய்டை அகற்றும் புதிய மருந்துகள் வந்துள்ளன. அவை நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன, குணப்படுத்துவதில்லை. ஆயினும் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவும் பி12 சத்துக் குறைவும்கூட மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

தந்தையின் அறிவாற்றல் குறைந்தாலும் பொறுமையாயிரு என்கிறது சீராக்கின் ஞானம் (3:13). ஆனால் வெட்கப்பட்டு அவர்களை உள்ளறையில் மறைக்கும் வீடுகளும் உண்டு. "அடையாளம் தெரியாது, வராதீங்க சாமி" என்று நம்மைத் தடுக்காதீர்கள். பௌர்ணமி இரவில் 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுதும் கூட்டம். கதவு திறந்திருந்தால் அவர்கள் அதில் கலந்துவிடக்கூடும். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை அவர்கள் சட்டைப் பையிலோ முந்தானையிலோ இன்றே வைத்துவிடுங்கள்.